இருபத்தேழு தண்ணிக் கான்

போன் அலறியது.

ஏரம்பு எடுக்கவில்லை. விடியற்காலமை போன் அடிக்கிறவன் எவனும் நல்ல செய்தி சொல்லமாட்டான் என்பது அவருடைய முடிவு.

மறுபடியும் அலறியது.

மூன்றாம் தடவை எடுத்தார்.

"பெரியப்பா... நான் தர்சினி."

தம்பியின் மகள். கலியாணம் முடிந்து பதினைந்து நாள். புது மாப்பிள்ளையோடு நுவரெலியாவுக்குப் போய் நாலு நாள் நின்றுவிட்டு நேற்றுத்தான் யாழ்ப்பாணம் திரும்பியிருந்தாள்.

ஏரம்புவுக்கு வயது எழுபத்துநாலு. புளியங்கூடலில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவரும் அதை விட்டார். கடைக்காரனின் தராசையும் நம்பமாட்டார், டொக்டரின் குளிசையையும் நம்பமாட்டார். சொந்த நிழலையே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

தர்சினி அளந்துகொண்டே போனாள். ஏரியாம், குதிரையாம், சிவப்பாக ஏதோ ஒரு பழமாம். கதைத்தால் வாயால் புகை வருமாம்.

ஏரம்புவுக்குச் சிரிப்பு வந்தது. வாயால் புகை வர ஒரு சுருட்டுப் போதும். அதற்கு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் இடுப்பு முறியத் தேவையில்லை.

"ஒரு பகிடி கேளுங்கோ பெரியப்பா. நாங்கள் நிண்ட கெஸ்ற் ஹவுசில குளிக்கப் போனா, பைப்பைப் பூட்டுங்கோ, பைப்பைப் பூட்டுங்கோ எண்டு வெளியில ஒரு குரல் கத்துது. ஆளைக் கண்ணால காணேல்லை. குசினிக்குப் பின்னால பாத்தா, கான் கானாத் தண்ணி நிறைச்சு, வாயைத் துணியால கட்டி அடுக்கியிருக்கு. எண்ணினனான். இருபத்தேழு!"

ஏரம்புவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நின்றது.

"பேந்து?"

"கோப்பை கழுவிற தண்ணியை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டிருக்கு. அந்தக் குளிரில வாழை வளருமே? முழங்கால் உயரத்தில பேய் பிடிச்சமாதிரி நிக்குது. சுத்திவர அருவி ஓடுற ஊரில உது என்ன விசர் எண்டு இவர் சிரிச்ச சிரிப்பு..."

ஏரம்பு சிரிக்கவில்லை.

போனை வைத்தார்.

தேத்தண்ணியைக் குடிக்காமலே முற்றத்துக்கு இறங்கினார்.

*

அவருடைய மகன் பிரசாந்தன் ஆறு மாதமாக விளக்கமறியலில் இருந்தான்.

கொலைக் குற்றச்சாட்டு.

செத்தவன் பெயர் தியாகலிங்கம். அதே ஒழுங்கை, நாலாம் வீடு. ஐப்பசி மாதம் ஒருநாள் காலை, குறிகட்டுவான் இறங்குதுறையில் கட்டிக் கிடந்த பிரசாந்தனின் படகில் தியாகலிங்கம் போட்டிருந்த சேட்டுக் கிடந்தது. சேட்டு முழுக்க ரத்தம். பக்கத்தில் ஒரு செருப்பு... ஒரு கத்தி...!

அதற்கு மூன்று நாளுக்கு முன்னால்தான் நயினாதீவுக்குப் போகிற சனம் முழுக்கப் பார்த்திருக்க, இருவரும் அதே இறங்குதுறையில் சண்டை பிடித்திருந்தார்கள். சண்டையைத் தொடங்கியது தியாகலிங்கம். அதை எவனும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். கடல்தான் வந்து சாட்சி சொல்லாதே.

அடுத்த திங்கட்கிழமை வழக்கு. இந்தத் தவணையில் ஒன்றும் புதிதாகச் சொல்லாவிட்டால் மேல் கோட்டுக்குப் போய்விடும், பிறகு பெடியன் வெளியே வர எத்தனை வருடமோ என்று சட்டத்தரணி கையை விரித்துவிட்டார்.

இன்று புதன்.

ஏரம்பு முற்றத்தில் நின்று யோசித்தார். மாசியோடு கிணறுகள் உப்பாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு நாள் தண்ணி பவுசர் வரும். அது வருகிற நாளில் ஒழுங்கை முழுக்கக் கான் வரிசை. அந்த வரிசையிலேயே பெரிய வரிசை தியாகலிங்கத்தினுடையது. எண்ணி இருபத்தேழு. ஒவ்வொன்றுக்கும் வாயில் துணி. அவன் வீட்டில் கை கழுவப் போனால் செம்பை அவன்தான் பிடிப்பான். விட்டால் கூட ஊற்றிவிடுவார்களாம். கழுவின தண்ணி நேரே வாழைக்கு.

ஊரில் எல்லோரும் தண்ணி சேமிக்கிறவர்கள்தான். ஆனால் அருவிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டும் சேமிக்கிற விசரன் ஒருவன்தான்.

நாலாம் வீட்டுப் படலையைத் தட்டினார்.

தியாகலிங்கத்தின் மனைவி சத்தியபாமா வந்தாள். நாற்பத்தாறு வயது. வெறும் நெற்றி. ஆறு மாதத்துக்கு முன்வரை அவரை அம்மான் என்று கூப்பிட்டவள். பிறகு எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவரைக் கண்டால் காறித் துப்புவாள்.

இன்றைக்கும் துப்பினாள்.

ஏரம்பு துப்பல் காயும்வரை நின்று, தர்சினி சொன்னதைச் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் ஒரு பையோடு வந்து படலையைப் பூட்டினாள்.

*

பஸ்ஸில் ஏரம்பு முன் சீற். சத்தியபாமா பின் சீற். கண்டியில் மாறி ஏறும்போதும் இருவருக்கும் பேச்சில்லை.

வியாழக்கிழமை காலை நுவரெலியா வந்தது.

இதைப் பார்க்கத்தான் சனம் லீவு போட்டு வருகிறதா என்று ஏரம்பு காறித் துப்பப் பார்த்தார். எச்சில்கூட உறைந்துவிட்டது. ரோட்டு நிறையச் சனம். எல்லோரும் குரங்குத் தொப்பியும் மப்ளரும் போட்டு, வங்கியில் கொள்ளையடிக்க வந்தவர்கள்போல் திரிந்தார்கள். குதிரை ஒன்றின் மேல் ஏறி ஒரு தடியன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைவிடக் குதிரையின் முகத்தில் அறிவு தெரிந்தது.

அங்கேயும் இது வறட்சிக் காலமாம். டீக்கடைக்காரன் சொன்னான். சொல்லிக்கொண்டே அரை வாளி நல்ல தண்ணியை ரோட்டில் ஊற்றினான்.

ஏரம்பு கண்ணை மூடிக்கொண்டார்.

கெஸ்ற் ஹவுஸ் ஏரிக்கு மேலே ஒரு வளைவில் இருந்தது. சொந்தக்காரியின் பெயர் எமிலி. நாற்பது வயது, உதட்டில் இருபது வயதுச் சொண்டுச் சாயம். இரண்டு அறை கேட்டார்கள். சத்தியபாமா முகத்தை மறைத்துப் போட்டிருந்த வாய்க்கவசத்தைக் கழற்றவில்லை.

மனேஜர் என்று ஆம்பிளை ஒருவரும் இல்லையா என்று ஏரம்பு விசாரித்தார். லீவில் போய்விட்டார் என்றாள் எமிலி.

அவள் சொல்லி முடிக்கும் நேரத்தில்... மேல்மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது!

ஏரம்பு கண்டார். காணாததுபோல் சளி சீறினார்.

மேல்மாடியில் தந்த அறையில் பையைப் போட்டு, அரை மணித்தியாலம் படுத்து இடுப்பை நிமிர்த்தினார். மூத்திரம் பெய்யப் போகிறவர்போல் குசினிக்குப் பின்னால் போனார்.

கான்கள் இல்லை.

ஒன்றுகூட இல்லை!

தர்சினி பேய்க்கதை சொல்லிவிட்டாளா? பொம்பிளைப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஊரைவிட்டு வந்தது தன்னுடைய பிழைதானா?

குனிந்தார். சீமெந்தில் வட்டம் வட்டமாக ஈரம். ஒவ்வொன்றும் ஒரு கானின் அடி. விரலை நீட்டி எண்ணினார்.

இருபத்தேழு.

கானை ஒளித்தவன் ஈரத்தை ஒளிக்கவில்லை. ஓரத்தில் வாய்க்கால் இருந்தது. அதன் முடிவில் முழங்கால் உயரத்தில் அந்த வாழை, குளிரில் விறைத்துப்போய் நின்றது.

ஆள் மேலேதான் இருக்கிறான். தன்னைக் கண்டுவிட்டான். விட்டால் பின்கதவால் போய்விடுவான்.

*

பொலிசில் சப் இன்ஸ்பெக்டர் றஜீபன் இருந்தான். முப்பது வயது, இஸ்திரி போட்ட முகம். யாழ்ப்பாணத்துப் பெடியன். அதனால் காரியம் நடக்கும் என்று நினைத்தால் நினைக்கிறவன் முட்டாள்.

ஏரம்பு எல்லாவற்றையும் சொன்னார். கான், வட்டம், வாழை.

றஜீபன் கதிரையில் சாய்ந்தான்.

"ஐயா, தண்ணியை மிச்சம் பிடிக்கிறது குற்றமில்லை. அதுக்கு அவருக்குப் பரிசுதான் குடுக்கவேணும்."

பக்கத்து மேசைக் கொன்ஸ்டபிள் சிரித்தான். ஆளைக் கண்ணால் கண்டீர்களா என்று றஜீபன் கேட்டான். காணவில்லை என்றார் ஏரம்பு. அப்படியென்றால் ஏரியைப் பார்த்துவிட்டு, பழம் தின்றுவிட்டு ஊருக்குப் போகச் சொன்னான்.

ஏரம்பு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அப்ப இன்னொரு முறைப்பாடு. அந்தக் கெஸ்ற் ஹவுசில என்ர போன் களவு போட்டுது."

றஜீபனின் முகம் மாறியது. அந்த ஊரில் அது சீசன் நேரம். உல்லாசப் பயணியின் போன் களவு போனது என்றால் மேலிடம் காது கொடுக்கும். மனிதன் காணாமல் போனால் கடல் கொண்டுபோகலாம்; போன் காணாமல் போனால் பொலிஸ் போகவேண்டும்.

நாளைக் காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்னான்.

ஏரம்பு அன்றைக்கு முழுக்கப் பின்கதவுக்கு எதிரே கதிரை போட்டுக் குந்தியிருந்தார். குளிர் பிடிக்க வந்தேன் என்று எமிலிக்குச் சொன்னார். இருட்டினதும் சத்தியபாமா வந்து, அவரை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் இருந்தாள்.

*

வெள்ளி. காலை ஒன்பது மணி.

ஏரம்பு தன் அறைக் குளியலறைக்குள் போனார். பைப்பில் கை வைத்தார்.

கை கேட்கவில்லை. எழுபத்துநாலு வருடம் பழகின கை அது.

மகனை நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

முழுக்க!

தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. பளிங்குபோலத் தண்ணி. உப்பில்லாத, மணமில்லாத, குளிர்ந்த தண்ணி. கானுக்குள் போகாமல், வாழைக்குப் போகாமல், சும்மா ஓடிக் கழிவுப் பீலிக்குள் விழுந்தது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, அறைக் கதவை வெளியால் பூட்டிச் சாவியை மடிக்குள் செருகினார். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கீழே வந்து கூடத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பல்லுக் கொதியோடு பிடுங்க வருகிறவனுக்கும் அப்படி முகம் இருக்காது.

எமிலி அந்தச் சத்தத்தைக் காதிலேயே விழுத்தவில்லை. மழை ஊரில் பிறந்தவள். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம்.

இருபது நிமிடம்.

மேல்மாடியில் யாரோ நடக்கும் சத்தம். நின்றது. மறுபடி நடந்தது.

ஒன்பதரைக்கு றஜீபன் கொன்ஸ்டபிளோடு வந்தான். கொப்பியை விரித்தான். போன் என்ன நிறம், எத்தனை மணிக்குக் காணாமல் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தான். ஏரம்பு வாய்க்கு வந்ததைச் சொன்னார். காது முழுக்க மேலே.

அப்போது...

போன் அலறியது!

ஏரம்புவின் மடிக்குள்ளிருந்து!

தர்சினிதான். ஏரி பார்த்தீர்களா என்று கேட்க எடுத்திருப்பாள், மூதேவி.

றஜீபன் பேனையை மூடினான். எழுந்தான்.

"பொலிசுக்குப் பொய் முறைப்பாடு தந்தா என்ன நடக்குமெண்டு தெரியுமோ ஐயா? வயசைப் பாத்து விடுறன். பின்னேர பஸ்ஸில ஊருக்குப் போகவேணும்."

வாசலைப் பார்த்து நடந்தான்.

ஒரு அடி... இரண்டு அடி...

மேலே ஒரு கதவு படாரென்று திறந்தது!

தட தடவென்று காலடி. குரங்குத் தொப்பியும் மப்ளரும் போட்ட ஒருவன் படியால் பாய்ந்து வந்தான். கையில் ஒரு வெறும் வாளி. முகம் கோபத்தில் வெடித்தது.

"ஆரடா அது, நல்ல தண்ணியைத் திறந்து விட்டிட்டு இருக்கிறது? ஆரின்ர செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறியள்?"

ஏரம்பு மெதுவாக எழுந்து அவன் வழியை மறித்தார்.

"வாரும் தியாகலிங்கம். உம்மட செத்தவீட்டுக்குத்தான்."

வாளி விழுந்து உருண்டது.

*

அவன் ஒரு நொடிதான் தடுமாறினான். ஆறு மாதம் செத்தவனாக இருந்து பழகினவன் அல்லவா? அடுத்த நொடி முகத்தை மாற்றினான்.

இந்தக் கிழவனைத் தனக்குத் தெரியாது என்றான். தன் பெயர் செல்வரத்தினம் என்றான். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

றஜீபன் வாங்கி உரக்க வாசித்தான்.

"கந்தையா செல்வரத்தினம். அனலைதீவு."

அட்டையில் இருந்தது அவன் படம்தான். பழைய அட்டை. ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது.

ஏரம்பு சத்தியபாமாவைக் கூப்பிட்டார். அவள் கீழ் அறையிலிருந்து வந்தாள். வாய்க்கவசத்தைக் கழற்றினாள். எமிலியைப் பார்த்தாள். எமிலியின் கையில் காய்ந்துகொண்டிருந்த சாயத்தைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

தியாகலிங்கம் பார்வையைத் தரையில் கிடந்த வாளிக்கு மாற்றினான்.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ அம்மா," என்றான் றஜீபன். "உவரோ உங்கட கணவர்?"

மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

சத்தியபாமா கையிலிருந்த வாய்க்கவசத்தை நாலாக மடித்தாள்.

"இல்லை."

ஏரம்பு அப்படியே கதிரையில் விழுந்தார். போயிற்று. திங்கட்கிழமை போயிற்று. பிரசாந்தனும் போய்விட்டான். புருசன் எவ்வளவு கழிசடை என்றாலும் காட்டிக்கொடுக்கமாட்டாள்கள், இந்த இனம் இப்படித்தான் என்று உள்ளுக்குள் திட்டினார்.

"என்ர மனுசன் செத்து ஆறு மாதம்," என்றாள் அவள். "இந்த ஆளை நான் கண்டதில்லை."

தியாகலிங்கத்துக்கு உயிர் வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பாத்தீங்களே சேர்? நான் செல்வரத்தினம். எங்க வேணுமெண்டாலும் எழுதித் தாறன்."

எழுதித் தரச் சொன்னான் றஜீபன். அவன் எழுதினான். அனலைதீவு கந்தையா செல்வரத்தினம் நானே என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான்.

சத்தியபாமா அந்தக் கையெழுத்துக் காயும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்ப தம்பி, உவரை விட்டிடாதேங்கோ. அனலைதீவுச் செல்வரத்தினத்தின்ர பேர் குறிகட்டுவானில நோட்டீசாக் கிடக்குது. எண்பத்துநாலு கிலோ கஞ்சா. மூண்டு மாதமாத் தேடீனம்."

எமிலியின் சாயப் போத்தல் கவிழ்ந்தது.

றஜீபன் போனை எடுத்து யாரிடமோ பெயரையும் இலக்கத்தையும் சொன்னான். ஓம், ஓம் என்றான். கொன்ஸ்டபிளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

விலங்கு கையில் விழுந்தது.

இந்தியாவுக்கு வள்ளம் ஏறப்போவதாகச் சொன்ன செல்வரத்தினம் இனித் தேவையில்லை என்று விற்ற அட்டை அது. விற்றவன் போகவில்லை. ஊரிலேயே நின்று கஞ்சா இறக்கியிருக்கிறான். மலையில் ஒளித்திருந்தவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றிருப்பானா?

"சேர்... சேர், நான் செல்வரத்தினமில்லை சேர். நான் தியாகலிங்கம்."

"இப்பதானே எழுதித் தந்தனீர்?"

"பொய் சேர். சத்தியபாமா, சொல்லப்பா. உன்ர மனுசனெண்டு சொல்லப்பா."

அவள் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் வந்ததற்கு அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"செத்தவை வந்து கதைக்கிறதை நான் நம்பிறேல்லை," என்றாள்.

தியாகலிங்கம் உடைந்தான். இடது கைச் சட்டையை மேலே இழுத்தான். முழங்கைக்குக் கீழே நீளத் தழும்பு.

எல்லாவற்றையும் கக்கினான். தன் கையைத் தானே வெட்டி, சேட்டில் ரத்தத்தைப் பிழிந்து, பிரசாந்தனின் படகில் போட்டது. அதற்காகவே மூன்று நாள் முன்னால் சண்டை இழுத்தது. வெளிநாட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன வீடுகளை ஒவ்வொன்றையும் மூன்று பேருக்குக் கள்ள உறுதிப் பத்திரம் எழுதி விற்றது. வாங்கினவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கப்போன கிழமையில் செத்துப்போனது. எமிலியை முதலே தெரியும் என்பதும் வந்தது.

றஜீபன் பக்கம் பக்கமாக எழுதினான். ஒவ்வொரு பக்கத்திலும் தியாகலிங்கம் என்று கையெழுத்து வாங்கினான். கள்ள உறுதிகளில் போட்ட அதே அழகான கையெழுத்து.

முடித்துவிட்டு, புளியங்கூடலுக்குப் பொறுப்பான பொலிசுக்குப் போன் எடுத்தான். திங்கட்கிழமைத் தவணைக்கு ஆளையும் வாக்குமூலத்தையும் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதாகச் சொன்னான்.

பிறகு ஏரம்புவைப் பார்த்து, ஐயா நீங்கள் சொன்னது சரிதான் என்றான்.

ஏரம்பு அவனை மேலும் கீழும் பார்த்தார். பொலிஸ்காரன் சரி என்று சொன்னால் எங்கேயோ பிழை இருக்கவேண்டும் என்று யோசித்தார்.

*

வாசலில் ஜீப் நின்றது.

ஏரம்பு படியில் சத்தியபாமாவைப் பிடித்தார்.

"எனக்குச் சீவன் போட்டுது பிள்ளை. ஏன் இல்லையெண்டனீ?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் ஓமெண்டிருந்தா அவர் இல்லையெண்டு நிண்டிருப்பார், அம்மான். பொலிசும் அட்டையைத்தான் நம்பும். இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தினனான். நான் சொன்ன ஒண்டுக்காவது அந்த மனுசன் ஓமெண்டதில்லை. இல்லையெண்டு நான் சொன்னாத்தான் ஓமெண்டு அவரே கத்துவார்."

ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த அம்மான். ஏரம்பு அதைக் காதில் விழாததுபோல் மப்ளரை இழுத்துக் கட்டினார். குளிராம்.

கொன்ஸ்டபிள் தியாகலிங்கத்தை ஜீப்பில் ஏற்றினான். கதவு சாத்தியது. இயந்திரம் உறுமியது.

ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு முகம் வந்தது. அழுது வீங்கின முகம். பிரசாந்தன் வெளியே வருவானா, மனைவி மன்னிப்பாளா என்றெல்லாம் அது கேட்கவில்லை.

"ஏரம்பண்ணை... மேல பைப் இன்னும் திறந்தபடி கிடக்குது. ஒருக்கா பூட்டிவிடுங்கோவன்."

ஏரம்புவுக்கும் அதே யோசனைதான். இரண்டு மணித்தியாலமாக அந்தச் சத்தம் அவர் நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பூட்டக் கால் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"நீர் செத்து ஆறு மாதம் காணும். உமக்கேன் தண்ணிக் கவலை?"